சேசரி நோயும் சிறு மருந்துகளின் கூட்டும்

உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களிலேயே புற்றுநோய் தோன்றிவிட்டால், மிச்சமிருக்கும் நல்ல வெள்ளணுக்களை எழுப்பி அதை அடக்க முடியுமா? தோலில் குடியேறும் டி-செல் லிம்போமா என்ற அரிய நோயைப் பொறுத்தவரை, பெருமளவுக்கு முடியும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதை எந்த ஒரு மருந்தும் தனியாகச் சாதித்துவிடவில்லை. தனித்தனியே பார்த்தால் சுமாரானவையாகத் தெரியும் சில சிகிச்சைகளை ஒன்றோடொன்று சேர்த்து, மாதக் கணக்கில் பொறுமையாகக் கொடுத்ததால் கிடைத்த பலன் அது. இரத்தப் பிரிப்புக் கருவிகளோடு வேலை செய்து பழகியவன் என்பதால் இந்தக் கூட்டின் ஒரு பகுதியை அருகிலிருந்து அறிந்திருக்கிறேன். மீதியை மருத்துவ இதழ்களின் வழியாகப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறேன். தமிழில் இதைப் பற்றி விரிவாக எழுதப்பட்டதை நான் பார்த்ததில்லை என்பதும் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம்.

அமெரிக்கக் கணக்குகளின்படி பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 முதல் 10 பேருக்கு மட்டுமே இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வருவது மைக்கோசிஸ் பங்காய்டிஸ் என்ற வகை. பாரிஸின் சென் லூயி மருத்துவமனையில் பணியாற்றிய ழான்-லூயி அலிபேர் 1806இல் இதை முதன்முதலாக விவரித்தார். முற்றிய நிலையில் தோலில் காளான் போன்ற கட்டிகள் எழுவதைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது. பூஞ்சைத் தொற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. உடல் முழுவதும் தோல் சிவந்து உரிந்து, இரத்தத்திலும் புற்றணுக்கள் சுற்றிவரும் கடுமையான வடிவத்தை ஆல்பேர் சேசரியும் அவருடைய சகாவும் 1938இல் பதிவு செய்தார்கள். இன்று சேசரி நோய்க்குறி என்று அழைக்கப்படுவது அதுதான்.

இவை எல்லாமே டி செல்களின் நோய்கள் என்பது 1970களில்தான் தெளிவானது. டி செல்கள் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சியடைந்து, கிருமி பாதித்த செல்களையும் புற்றணுக்களையும் இனங்காண வேண்டியவை. அவற்றில் தோலுக்குச் சென்று தங்கும் இயல்புடைய ஒரு செல் தடம்புரண்டு, தன்னைப் போன்றவற்றையே பெருக்கிக்கொண்டு போவதுதான் இந்த லிம்போமா. மைக்கோசிஸ் பங்காய்டிஸின் செல்கள் தோலிலேயே நிலையாகத் தங்குபவை என்றும், சேசரி செல்கள் இரத்தம், நிணநீர்க்கணு, தோல் ஆகியவற்றுக்கிடையே நடமாடுபவை என்றும் பாஸ்டனில் ரேச்சல் கிளார்க்கின் குழுவினர் 2010இல் காட்டினார்கள். இந்த வேறுபாடு சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிதாக உதவுகிறது. இரத்தத்தில் இருப்பதைத் துடைத்தெடுக்கும் மருந்து முதல் வகைக்குப் பயன்படாமல் போவதும், இரண்டாம் வகைக்கு வேகமாகப் பலிப்பதும் இதனால்தான்.

நோயை அடையாளம் காண்பதில் ஏற்படும் தாமதத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. தொடக்கத்தில் இது சாதாரணப் படை, எக்சிமா, சொரியாசிஸ் போலவே தோன்றும். இடுப்பு, பிட்டம், தொடை என வெயில் படாத இடங்களில் செதில் படிந்த திட்டுகள் வரும். ஸ்டீராய்டு களிம்பு தடவினால் மங்கி, பிறகு மீண்டும் வரும். முதல் அறிகுறிக்கும் சரியான நோயறிதலுக்கும் இடையே மூன்று ஆண்டுகள் கழிவது பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து செய்த கணக்கெடுப்பிலேயே சராசரியாகத் தெரிந்தது. நம்மைப் போன்ற கறுத்த, மாநிற மேனியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிறம் வெளிறிய திட்டுகளாக மட்டுமே வரும் ஒரு வகை கறுத்த தோலுடையவர்களிடம், அதிலும் இளவயதினரிடம், அதிகம் காணப்படுகிறது. இந்தியாவிலிருந்தும் அத்தகைய நோயாளிகளைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்று அதைக் கருதிவிட வாய்ப்பு அதிகம். நல்லவேளையாக, இந்த வெளிறிய வகை பெரும்பாலும் மெதுவாகவே நகர்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆறாத திட்டுக்கு பயாப்சி கேட்பதில் நோயாளிக்குத் தயக்கம் வேண்டாம் என்பதோடு, ஒரு பயாப்சியில் ஒன்றும் தெரியாவிட்டால் சில மாதங்கள் கழித்து இன்னொன்று தேவைப்படலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொடக்க நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் களிம்புகளாலும் புற ஊதாக் கதிர் சிகிச்சையாலும் ஏறத்தாழ மற்றவர்களைப் போன்ற ஆயுளோடு வாழ்கிறார்கள். இந்தக் கட்டுரை முற்றிய நிலையினரைப் பற்றியது, குறிப்பாக சேசரி நோயாளிகளைப் பற்றியது. அவர்களுடைய அரிப்பு இரவில் தூங்கவிடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும். தோல் வழியே வெப்பம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் கோடையிலும் குளிரில் நடுங்குவார்கள்.

முற்றிய புற்றுநோய் என்றவுடன் கீமோதெரபியைத்தான் எவரும் நினைப்பார்கள். இந்நோயில் அந்த எண்ணம் பலிக்கவில்லை. 1989இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 103 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒப்பீட்டில், தொடக்கத்திலேயே எலக்ட்ரான் கதிர்வீச்சோடு பல கீமோ மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நோய் முழுமையாக மறைந்த விகிதம் 38 சதவீதம். மென்மையான சிகிச்சையில் தொடங்கிப் படிப்படியாக ஏறியவர்களுக்கு 18 சதவீதம். ஆயினும் ஆயுளில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கடுமையான சிகிச்சை பெற்றவர்கள் அதன் பக்கவிளைவுகளை மட்டும் கூடுதலாகச் சுமந்தார்கள். 2015இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 198 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கீமோதெரபி முடிந்து அடுத்த சிகிச்சையைத் தேட வேண்டிய நிலை வரும்வரை கிடைத்த இடைவெளி இடைநிலைக் கணக்கில் 3.9 மாதங்கள் மட்டுமே என்றும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தான இன்டர்பெரான் ஆல்பாவுக்கு அது 8.7 மாதங்கள் என்றும் கண்டார்கள். இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் இந்நோயின் இயல்பு எனக்கு விளங்கியது. கீமோதெரபி புற்றணுக்களோடு சேர்த்து, அவற்றைக் கண்காணிக்கும் நல்ல செல்களையும் அழித்துவிடுகிறது. நோயாளியின் எஞ்சிய எதிர்ப்பாற்றலே இந்நோயில் அவருடைய முதன்மையான சொத்து. அதைச் செலவழித்துவிட்டு வெல்வது கடினம்.

அந்தச் சொத்தைப் பயன்படுத்த முடியும் என்பதற்கான முதல் வலுவான சான்று யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எடெல்சனிடமிருந்து வந்தது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், போட்டோபெரெசிஸ் என்ற சிகிச்சையால், மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத 37 நோயாளிகளில் 27 பேருக்கு முன்னேற்றம் ஏற்பட்டது. உடல் முழுதும் சிவந்திருந்த 29 பேரில் 24 பேர் பலன் பெற்றார்கள். மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்தச் சிகிச்சை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோயாளியின் கை நரம்பில் ஊசி ஏற்றி, இரத்தத்தைக் கருவிக்குள் இழுக்கிறோம். கருவி அதைச் சுழற்றி வெள்ளணுக்களைத் தனியே ஒதுக்கி, சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவையும் உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. ஒதுக்கிய வெள்ளணுக்களோடு மெத்தாக்சலென் என்ற மருந்து கலக்கப்படுகிறது. அது ஒளி படும்வரை சும்மா இருக்கும். பிறகு அந்தக் கலவை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் வழியே புற ஊதா ஏ கதிருக்கு முன்னால் ஓடுகிறது. கதிர் பட்டதும் மருந்து செல்களின் டிஎன்ஏ இழைகளைப் பிணைத்துவிட, அந்தச் செல்கள் அடுத்த சில நாட்களில் தாமாகவே மடியத் தொடங்குகின்றன. எல்லாவற்றையும் நோயாளியின் உடலுக்கே மீண்டும் ஏற்றிவிடுகிறோம். இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அடுத்தடுத்த இரண்டு நாட்கள் இதைச் செய்து, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்வது வழக்கம். சிகிச்சைக்குப் பின் ஒரு நாள் முழுவதும் வெயிலில் போகக் கூடாது, கதிர் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும். முடி கொட்டுவதில்லை, கீமோதெரபியில் வரும் கடும் வாந்தியும் இல்லை. வயதானவர்களுக்கு நல்ல நரம்பு கிடைப்பதுதான் பல நாட்களில் பெரிய சிரமம். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கையைத் தடவித் தடவித் தேடும் அந்த நிமிடங்களில் நோயாளி காட்டும் பொறுமையை நான் மிக மதிக்கிறேன்.

மெத்தாக்சலென் சேர்ந்த சோராலென் குடும்பத்துக்கு நம் ஊரோடு ஓர் உறவு உண்டு. சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்கும் வெண்புள்ளிக்கும் வழங்கிவந்த கார்போகரிசியில் சோராலென் இருக்கிறது. எகிப்திலும் இதே குடும்பத்து வேதிப்பொருளைக் கொண்ட வேறொரு செடியை அரைத்துப் பூசி, வெயிலில் நிற்கச் செய்யும் வைத்தியம் இருந்தது. மருந்தும் வெயிலும் சேர்ந்தால்தான் பலன் என்பதை அந்த வைத்தியர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டிருந்தார்கள்.

போட்டோபெரெசிஸில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு முறையில் கருவிக்குள் வருவது உடலில் உள்ள வெள்ளணுக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கில் இருந்த புற்றணுக்கள் அனைத்தும் செத்தாலும், வெளியே இருப்பவற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க எப்படித் தோல் தெளிவடைகிறது? மடியும் புற்றணுக்கள் உடலுக்குள் திரும்பியதும் அவற்றின் துண்டுகளை டென்ட்ரிட்டிக் செல்கள் விழுங்கி, அடையாளமாக ஏந்தி, கொல்லும் ஆற்றலுள்ள சிடி8 டி செல்களிடம் காட்டுகின்றன. கருவியின் தகட்டில் உரசிச் செல்லும்போது மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் டென்ட்ரிட்டிக் செல்களாக மாறத் தூண்டப்படுவதையும் எடெல்சனின் குழு காட்டியது. ஆக, நோயாளியின் சொந்தப் புற்றணுக்களிலிருந்தே அவருக்கென ஒரு தடுப்பூசி தயாராகிறது எனலாம். இதனால்தான் மோனோசைட்டுகளும் சிடி8 செல்களும் ஓரளவு மிஞ்சியிருப்பவர்களுக்கு இது நன்றாகப் பலிக்கிறது. கீமோதெரபியால் அவற்றை இழந்துவிட்ட பிறகு வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைகிறது.

கூட்டுச் சிகிச்சையின் தேவை இங்கேதான் எழுகிறது. பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அலைன் ரூக் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தார். சேசரி செல்கள் ஒவ்வாமையோடு தொடர்புடைய சைட்டோகைன்களை (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்களை), அதாவது இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-5 போன்றவற்றைச் சுரக்கின்றன. அவை புற்றைக் கொல்லும் பக்கத்தை அமுக்குகின்றன. நோய் வளர வளர இன்டர்பெரான் காமா, இன்டர்லூக்கின்-12 ஆகியவற்றின் உற்பத்தி குறைகிறது. டென்ட்ரிட்டிக் செல்களும் சோர்ந்துபோகின்றன. அப்படிப்பட்ட உடலில் போட்டோபெரெசிஸ் எவ்வளவுதான் அடையாளத் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினாலும், அவற்றைப் பார்த்து எழ வேண்டிய செல்கள் எழ மாட்டா. எனவே குறைந்துபோன சைட்டோகைன்களை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். இன்டர்பெரான் ஆல்பா மட்டும் கொடுத்தாலே ஓரளவு பலன் உண்டு என்பது 1984இலேயே தெரிந்திருந்தது. அன்று மிக அதிக அளவில் கொடுத்தபோது 20 பேரில் 9 பேருக்கு நோய் குறைந்தது. ஆனால் காய்ச்சலும் களைப்பும் தாங்க முடியாதவையாக இருந்தன. கூட்டில் சேர்க்கும்போது அதில் சிறு பங்கே போதும். இன்டர்பெரான் ஆல்பா இயற்கைக் கொல்லி செல்களையும் சிடி8 செல்களையும் முடுக்குகிறது. இன்டர்பெரான் காமா டென்ட்ரிட்டிக் செல்களைத் தட்டியெழுப்புகிறது. பெக்சரோட்டீன் என்ற மாத்திரை புற்றணுக்களை நேரடியாக மடியச் செய்கிறது. மடிந்தவை மீண்டும் அடையாளத் துண்டுகளாகின்றன. ஒன்றின் விளைவு மற்றொன்றுக்குத் தீவனமாகும் இந்த அமைப்பில்தான் கூட்டின் பலம் இருக்கிறது.

பலன் என்ன? போட்டோபெரெசிஸை மூன்று மாதங்களாவது பெற்று, அதோடு ஒன்றோ பலவோ எதிர்ப்பாற்றல் தூண்டிகளையும் எடுத்துக்கொண்ட 98 சேசரி நோயாளிகளின் பதிவுகளை அந்தக் குழு 2011இல் வெளியிட்டது. 30 சதவீதத்தினருக்கு நோய் முழுதும் மறைந்தது; மேலும் 45 சதவீதத்தினருக்குக் கணிசமாகக் குறைந்தது. இடைநிலை ஆயுள் சில ஆண்டுகளே என்று கருதப்பட்ட நோயில் இது பெரிய எண்ணிக்கை. முழுமையாகத் தெளிந்தவர்களுக்குச் சிகிச்சையின் தொடக்கத்தில் இரத்தத்தில் புற்றணுக்கள் குறைவாகவும் மோனோசைட்டுகள் கூடுதலாகவும் இருந்தன என்பது, மேலே சொன்ன விளக்கத்தோடு இசைந்து வருகிறது.

இதை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டால், கவனத்தோடு என்பேன். இது பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு. குலுக்கல் முறையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டதல்ல. மூன்று மாதங்களுக்குள் இறந்தவர்களும் கைவிட்டவர்களும் கணக்கில் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் கொடுத்த கூட்டு வேறு என்பதால் எந்தச் சேர்க்கை சிறந்தது என்று அதிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. இத்தனை அரிய நோயில் அத்தகைய பெரிய ஒப்பீட்டை நடத்துவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பல நாட்டு மருத்துவமனைகள் கைகோத்தால் அது நடக்கக்கூடியதே. நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கூட்டுச் சிகிச்சையின் அன்றாடப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெக்சரோட்டீன் தொடங்கிய சில வாரங்களில் தைராய்டு சுரப்பு தாழ்ந்துவிடும். டிரைகிளிசரைடு கொழுப்பு பலமடங்கு எகிறக்கூடும். அதனால் தைராய்டு மாத்திரையையும் கொழுப்பைக் குறைக்கும் பெனோபைப்ரேட்டையும் அநேகமாகக் கூடவே தொடங்கிவிடுகிறார்கள். ஜெம்பைப்ரோசிலை மட்டும் இதனோடு சேர்க்கக் கூடாது, ஏனெனில் அது பெக்சரோட்டீனின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். இன்டர்பெரான் எடுப்பவர்களிடம் மனச்சோர்வு தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டாம் மாதத்தில் மனம் தளர்ந்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

தோலில் உள்ள பாக்டீரியாவையும் இந்தக் கூட்டின் ஓர் உறுப்பாகவே பார்க்கிறேன். வெடித்த தோலில் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் எளிதில் குடியேறுகிறது. முற்றிய நோயாளிகள் பலரின் உயிரைப் பறிப்பது லிம்போமாவை விடத் தொற்றுதான். அந்தப் பாக்டீரியாவின் நச்சுகள் புற்றணுக்களையே தூண்டிவிடுகின்றன என்பதற்கும் சான்று இருக்கிறது. டென்மார்க்கில் 2019இல் வெளியான ஆய்வில், முற்றிய நிலையிலிருந்த எட்டு நோயாளிகளுக்கு நரம்பு வழி ஆன்டிபயாடிக் கொடுத்தபோது தோலில் நோயின் வேகமே குறைந்தது. நீர்த்த பிளீச்சிங் கரைசலில் குளிப்பது, ஈரப்பதம் தரும் களிம்பைத் தவறாமல் பூசுவது போன்ற எளிய பராமரிப்பை விலையுயர்ந்த மருந்துகளுக்கு இணையாக நான் வைப்பது இதனால்தான்.

புதிய மருந்துகளில் மோகாமுலிசுமாப் முக்கியமானது. சிசிஆர்4 என்ற புரதத்தைத் தாங்கிய செல்களைக் குறிவைக்கும் இந்த ஆன்டிபாடி, 372 பேர் பங்கேற்ற ஒப்பீட்டில் நோய் முற்றாமல் இருந்த காலத்தை 3.1 மாதங்களிலிருந்து 7.7 மாதங்களாக நீட்டியது; 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தி டி செல்களிலும் அதே புரதம் இருப்பதால் அவையும் குறைகின்றன. ஆகவே போட்டோபெரெசிஸோடு இதைச் சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது. மருத்துவர்கள் அதைச் செய்தும் வருகிறார்கள். பிடி-1 தடுப்பானான பெம்ப்ரோலிசுமாப் 24 பேரில் 9 பேருக்குப் பலன் தந்தது. ஆனால் சேசரி நோயாளிகள் பலருக்குத் தொடக்கத்தில் தோல் கடுமையாகச் சிவந்தது. டி செல்லுக்குப் போட்ட கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்து, புற்றான டி செல்லின் கடிவாளத்தையும் அவிழ்த்துவிடலாம் என்ற அச்சம் இங்கே வெறும் கற்பனையல்ல. இதற்கு உறவான வேறொரு டி-செல் நோயில், அதே வகை மருந்தான நிவோலுமாப் கொடுத்த மூவருக்கு நோய் திடீரென வேகமெடுத்ததாக 2018இல் பதிவானது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுவது கூட்டுச் சிகிச்சை ஆகாது.

வரிசையும் அதே அளவுக்கு முக்கியம். இந்நோயை வேரோடு நீக்கும் வாய்ப்பைத் தருவது பிறருடைய குருதி ஊற்றுச் செல்களை (ஸ்டெம் செல்களை) மாற்றிப் பொருத்தும் சிகிச்சை. பிரான்சு தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், அதைப் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் இடைநிலையாக 9 மாதங்கள். பொருத்தமான கொடையாளி கிடைக்காமல் மற்ற சிகிச்சை பெற்றவர்களுக்கு 3 மாதங்கள். மோகாமுலிசுமாப் எடுத்த உடனே இதைச் செய்தால், ஒழுங்குபடுத்தி செல்கள் இல்லாத உடலில் கொடையாளியின் செல்கள் நோயாளியின் உறுப்புகளைத் தாக்கும் ஆபத்து கூடுகிறது. எனவே இடைவெளி விடச் சொல்கிறார்கள். இன்டர்பெரான் பக்கம் வேறொரு நெருக்கடி. இத்தனை ஆண்டுகள் கூட்டின் நடுநாயகமாக இருந்த பழைய இன்டர்பெரான் ஆல்பா-2பி தயாரிப்பு நிறுத்தப்பட்டுவிட்டதால், வாரம் ஒருமுறை போடும் பெகிலேட்டட் இன்டர்பெரானுக்கு மருத்துவர்கள் மாறியிருக்கிறார்கள். அதற்கான அளவுகளை மற்ற நோய்களின் அனுபவத்திலிருந்து கொண்டுவந்து, ஒவ்வொரு நோயாளியிடமும் இரத்த எண்ணிக்கையையும் கல்லீரலையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.